அறுநூற்றுப் பதினொரு பிழைகள்

என் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுமனின் வகுப்பு தொடங்கும்வரை அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குச் சற்று மேலே, ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் பயிற்சி அறை இருக்கிறது. அரச வேலையில் இருக்கும் சிங்களவர்கள் தமிழில் ஒரு பரீட்சை தேற வேண்டும். தேறாவிட்டால் சம்பள உயர்வு தள்ளிப்போகும். அதற்காகச் சனிக்கிழமைகளில் தபால் கந்தோரிலிருந்தும் பொலிஸிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வருவார்கள். நான் கொட்டகலையில் ஒரு பாடசாலையில் தமிழ் ஆசிரியன். ஐந்து வருடங்களாக இந்தச் சனிக்கிழமை வகுப்பும் என்னுடையது. என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் இருபத்தைந்தைத் தாண்டியதும் பொறுப்பதிகாரி மெடம் அறையின் நடுவில் ஒரு பலகைத் தடுப்பை அடித்து, அந்தப் பக்கத்துக்குச் சுமனைக் கொண்டுவந்தார். சுமனுக்கு இருபத்தெட்டு வயது. றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வீடொன்றில் பிறந்தவன். உயர்தரத்தில் தமிழ் படித்திருக்கிறான், அவ்வளவுதான். பட்டம் இல்லை, பயிற்சிக் கல்லூரி இல்லை. வார நாட்களில் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு ஃபோன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிறான். சிங்களம் மட்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதல் சனிக்கிழமையே தடுப்புக்கு அப்பாலிருந்து சிரிப்பு வந்தது. நான் கரும்பலகையில் வினைமுற்று விகுதிகளை எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே யாரோ உரத்த குரலில், “நான் காலைல ரொட்டி சாப்பிட்டார்” என்றார்.

“யாருங்க அந்தப் பெரிய மனுசர்?” என்று சுமன் கேட்டான். “ஒங்களுக்கு நீங்களே மரியாத குடுத்துக்கிறீங்களே, வீட்டுல அம்மணி குடுக்கிறதில்லையா?”

அதையே சிங்களத்திலும் சொன்னான். தடுப்பு அதிர்ந்தது. என் பக்கத்துப் பதினைந்து பேரும் கண்ணைக் கரும்பலகையிலும் காதை அங்கேயும் வைத்திருந்தார்கள். நான் சோக்கட்டியைப் பிடித்தபடி பேசாமல் நின்றேன். எனக்கு மௌனம் பிடிக்கும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேசாமல் வந்தால் அவரை நல்லவர் என்றே முடிவு கட்டிவிடுவேன். ஆனால் அன்று நான் நின்ற மௌனம் நான் தேர்ந்துகொண்டதில்லை.

மூன்றாம் வாரம் நிலந்தி போய்விட்டார். நிலந்தி ஒரு மருத்துவமாது. தோட்டங்களில் மிட்வைஃப் மிஸ் என்று அழைக்கப்படுகிறவர். என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்வார். சுமனின் பக்கத்துக்கு மாற்றித் தரும்படி மெடமிடம் எழுதிக் கொடுத்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘நேரம்’ என்று போட்டிருந்தது. இரண்டு வகுப்புகளுமே ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்கு முடிகிறவை.

நான் அப்போது முதுகலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தமிழ் எழுதும்போது விடும் இலக்கணப் பிழைகள்தான் தலைப்பு. ஒருவர் எழுதியதை வாங்கி, பிழையின் கீழே பென்சிலால் கோடிட்டு, அது எந்த வகை என்று குறிப்பேன். எழுவாயும் வினையும் பொருந்தாதது ஒரு வகை. வேற்றுமை உருபு மாறுவது இன்னொரு வகை. சிங்களத்தில் உயிருள்ளது, உயிரற்றது என்ற பிரிவுதான் பெரிது. நம்முடைய உயர்திணை அஃறிணை அங்கே இல்லை. அதனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்குரிய வினையைப் போட்டுவிடுவார்கள். அது மூன்றாவது வகை. எல்லாவற்றையும் எண்ணிக் கணினியில் கட்டம் கட்டமாக ஏற்றுவேன். பிழைகளை எண்ணும்போது எனக்கு ஒரு நிம்மதி வரும். அவை என்னிடம் எதையும் கேட்பதில்லை.

இதை எப்படியோ அறிந்துகொண்ட சுமன் எனக்குப் பிழைகள் சேகரிக்கத் தொடங்கினான்.

“அண்ணே, இன்னிக்கு ஒங்களுக்கு ஒரு அருமையான பிழை வச்சிருக்கேன்,” என்று பன்னிரண்டு மணிக்குத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வருவான். ஃபோன் கண்ணாடி வரும் அட்டையின் பின்புறத்தில் எழுதி வைத்திருப்பான். ஒருமுறை தபால் கந்தோர்க்காரர் ஒருவர் எழுதியதைக் காட்டினான்: ‘எங்கள் வீட்டுக்கு மாமியார் வந்தது, பூனை போனார்.’

“மாமியார் வந்தது! பாருங்கண்ணே, தெரியாம எழுதினாரா, வேணும்னே எழுதினாரான்னு அவருக்கே வெளிச்சம்.”

நான் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“நன்றி சுமன். திணை மயக்கம்.”

“மயக்கந்தாண்ணே,” என்றான் அவன் சந்தோசமாக. “இன்னும் பத்து மாசம். ஒரு வருசம் படிப்பிச்ச கடிதம் கெடச்சா மொழி போதனாசிரியர் போஸ்டுக்குப் போடலாம்னு மெடம் சொன்னாங்க. அப்பறம் இந்தக் கண்ணாடி ஒட்டுற பொழப்ப விட்டுருவேன். ஒங்க பக்கத்துலயே ஒரு மேச போட்டுக்கிறேன்.”

என் பக்கத்தில் ஒரு மேசை. அன்று பஸ்ஸில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

ஒக்டோபரில், ஆய்வுக்காக இரண்டு வகுப்புகளுக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தேன்: ‘உங்கள் வேலையில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள்.’ முப்பது நிமிடம். சுமன் தன் பக்கத்துத் தாள்களை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தான். “அறுவடைண்ணே,” என்றான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் முதலில் என் வகுப்புத் தாள்களைத் திருத்தினேன். பொலிஸ்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: ‘நான் காலையில் எழுந்தேன். நான் நிலையம் சென்றேன். ஒரு மனிதர் வந்தார். அவர் முறைப்பாடு செய்தார். நான் எழுதினேன். அவர் சென்றார்.’ ஒரு பிழை இல்லை. அடுத்த தாளும் அப்படித்தான். அதற்கடுத்தவற்றில் மூன்றோ நான்கோ பிழை. ஆறு வாக்கியம், ஏழு வாக்கியம். அரை மணி நேரத்தில் பதினான்கு தாள்களும் முடிந்துவிட்டன. யார் வந்தார், எதற்கு அழுதார், பிறகு என்ன ஆனது, ஒன்றும் இல்லை.

பிறகு சுமனின் கட்டை எடுத்தேன். ஆளுக்கு இரண்டு பக்கம். சிலர் தாள் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார்கள். அரைகுறைத் தமிழில் ‘என்று’ போட்டு மற்றவர் பேச்சை எழுதியிருந்தார்கள். ‘இருந்தால்’ போட்டு நடக்காததையெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் பிழை. நான்காவது தாள் நிலந்தியுடையது.

‘நான் முதல் தோட்டம் போன நாள் மழை. லயத்துக்கு ஒரு அம்மா இருக்கிறார். அவள் பிள்ளை ஆஸ்பத்திரியில் செத்தார். பெரிய டொக்டர் எனக்குச் சொன்னான் நீ போய் சொல் என்று. எனக்கு தமிழ் தெரியாது. பஸ்ஸில் நான் படித்தாள் எப்படி சொல்வது. கதவு கிட்ட எல்லாம் மறந்தார். அம்மா என் மூஞ்சி பார்த்தேன். அவளுக்கு தெரிஞ்சான். அவள் எனக்கு தேத்தண்ணி போட்டு கொடுத்தேன். நான் குடித்தார். இரண்டு பேரும் பேசவில்லை. நாய் ஒருவர் வந்து என் கால் கிட்ட படுத்தார்.’

அதன் பிறகும் ஒன்றரைப் பக்கம் இருந்தது. நான் படித்து முடித்தபோது பென்சில் மேசையில் கிடந்தது. ஒரு கோடும் போட்டிருக்கவில்லை.

அந்த அம்மா தேத்தண்ணி போடும் நேரத்தை நான் நினைத்தேன். தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம், அதுவரை நிலந்தி எங்கே நின்றார். அப்படிப்பட்ட ஒரு மௌனத்தைப் பற்றிப் புத்தகங்களில் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். அதை அறிந்த ஒருவர் என் வகுப்பில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் எழுதிக் கொடுத்தது ‘நான் மருத்துவமாது. நான் கிளினிக் செல்கிறேன்.’ அவனுக்குக் கொடுத்தது இது.

பென்சிலை எடுத்தேன். முதல் வரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பிழையாகக் கோடிட்டேன். நாற்பத்து மூன்று. தாளின் மேல் மூலையில் எண்ணை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

“இன்னுமா?” என்று என் மனைவி ஷிராணி தட்டோடு வந்தாள். “மேசைய விட்டா நாங்களும் சாப்பிடலாம்.”

“இந்தச் சுமன் என்ன படிப்பிக்கிறானோ தெரியல. பாரு, பக்கத்துக்கு இருபது பிழ.”

“ரெண்டு மாசமா சுமன் சுமன்னு ஒங்களுக்கு வேற பேச்சே இல்ல. நான் அந்தப் பையன் மூஞ்சியக் கூடப் பாத்ததில்ல, ஆனா அவன் என்னா கலர் சட்ட போட்டுக்கிட்டு வந்தான்னு எனக்குத் தெரியுது. லவ் பண்றீங்களா?”

அவள் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டுச் சோற்றை வைத்தாள்.

நவம்பர் கடைசியில் மெடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அவர் சிங்களத்தில்தான் பேசுவார். ஜனவரியிலிருந்து ஒரு போதனாசிரியருக்கு மட்டுமே அனுமதி வந்திருப்பதாகவும், இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக்க வேண்டும் என்றும் சொன்னார்.

“ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவரை அனுப்ப வேண்டும். எனக்குத் தமிழ் படித்து மதிப்பிடத் தெரியாது. நீங்கள் ஏதோ பிழைகளை எண்ணுகிறீர்களாமே. இரண்டு வகுப்புக்கும் கணக்கு இருக்கிறதா?”

“இருக்கிறது, மெடம்.”

“ஒரு பக்கத்தில் தாருங்கள். நீங்கள் சம்பந்தப்பட்டவர்தான். ஆனால் எண்கள் எண்கள்தானே.”

அன்றிரவு அல்ல, மூன்று நாள் கழித்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று நாளும் எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லாமல் இருந்தேன். கணினியில் கட்டங்கள் எல்லாம் தயாராக இருந்தன. என் வகுப்பு: ஐம்பத்தெட்டுப் பிழைகள். சுமனின் வகுப்பு: அறுநூற்றுப் பதினொரு பிழைகள்.

அவற்றுக்கு வலப்பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல்கள் இருந்தன. ஒன்று, எழுதப்பட்ட மொத்தச் சொற்கள். என் வகுப்பில் அறுநூற்று நாற்பது. அவன் வகுப்பில் நாலாயிரத்து எழுபது. பிழைகளைக் கழித்துச் சரியானவற்றை மட்டும் எண்ணினாலும் அவனுடையவர்கள் என்னுடையவர்களைவிட ஆறு மடங்கு எழுதியிருந்தார்கள். மற்ற நிரல், கடினமான வாக்கியங்களை எழுதிப் பார்த்த தடவைகள். என்னுடையதில் மூன்று. அவனுடையதில் இருநூற்றுப் பன்னிரண்டு. இந்தத் துறையில் இதற்குப் பெயரே இருக்கிறது: தவிர்ப்பு. தெரியாத வழியில் கால் வைக்காதவர் தடுக்கி விழுவதில்லை. ஆகவே, பிழை குறைவு என்பதை மட்டும் வைத்து ஒருவர் நன்றாகக் கற்றார் என்று சொல்லக் கூடாது. இதை என் ஆய்வின் இரண்டாம் இயலில் நானே நான்கு பக்கத்துக்கு எழுதியிருந்தேன்.

மெடமுக்குக் கொடுத்த பக்கத்தில் அந்த இரண்டு நிரல்களையும் விட்டுவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு எண்ணும் பொய் இல்லை. கீழே என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன். சுகந்தன், போதனாசிரியர்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை சுமனுக்கு, ஜனவரியிலிருந்து வகுப்பு இல்லை என்ற கடிதத்தைக் கொடுத்தார்கள். அவன் அதைப் படித்துவிட்டு மடித்தான். பிறகு என்னிடம் வந்தான். நான் எதற்கோ தயாராக நின்றேன்.

“அண்ணே, என் ஆளுங்களப் பாத்துக்கிருங்க,” என்றான். “நிலந்தி மிஸ் வேகமாப் பேசுவாங்க, குறுக்க நிப்பாட்டாதீங்க. தபால்காரரு மாமியாரத் திட்டினா விட்டுருங்க, அதுலதான் அவருக்குத் தமிழே வருது.” சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. கடைசி அட்டை ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, என்ன நினைத்தானோ, திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படி இறங்கினான்.

ஜனவரியில் தடுப்பைக் கழற்றினார்கள். அறை பெரிதாகிவிட்டது. இருபத்தொன்பது பேர். நான் அவர்களோடு சிரிக்கத் தயாராகவே போயிருந்தேன். பஸ்ஸில் ஒரு பகிடியைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். முன் வரிசையில் இரண்டு பேர் மரியாதைக்குப் புன்னகைத்துவிட்டு அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

தபால்காரரிடம் மாமியார் நலமா என்று கேட்டேன்.

“ஆம் சேர். மாமியார் நலமாக இருக்கிறார்,” என்றார் அவர். திணை சரி, வினை சரி. உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் வாரம், பொறுக்க முடியாமல், பழைய பயிற்சியையே மறுபடியும் கொடுத்தேன். வேலையில் நடந்த ஒரு சம்பவம். முப்பது நிமிடம். பத்து நிமிடத்திலேயே நிலந்தி தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

‘நான் காலையில் கிளினிக் சென்றேன். ஒரு தாய் வந்தார். குழந்தையின் எடையைப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. அவர் வீட்டுக்குச் சென்றார்.’

அழகான கையெழுத்து. நான் அதை இரண்டு முறை படித்தேன். கோடிட ஒன்றும் இல்லை.

“இவ்வளவுதானா?” என்று கேட்டேன்.

“பிழை இருக்கிறதா, சேர்?”

“இல்லை.”

“நன்றி, சேர்,” என்று சொல்லிவிட்டு அவர் தன் பையை எடுத்துக்கொண்டார்.

அன்று பன்னிரண்டு மணிக்கு, பஸ்ஸுக்குப் போகாமல் ஃபோன் கடைப் பக்கம் நடந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் அது நன்றாக இருக்கும். உண்மையில் ஒரு கேள்வி கேட்கத்தான் போனேன்: எப்படி எழுத வைத்தாய்? அது ஒரு வித்தை என்றால் எனக்கும் அது வேண்டும்.

கடை வாசலிலேயே சிரிப்புக் கேட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சாமான்கள் அடுக்கிய சிறிய அறையில் பிளாஸ்டிக் ஸ்டூல்களைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் முதலிலிருந்தே என் வகுப்பில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் அந்த ஆறு வாக்கியப் பொலிஸ்காரர். நிலந்தி எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“...அப்போ அந்த கங்காணி என்னப் பாத்து சொல்றாங்க, மிஸ், எனக்கும் கொஞ்சம் எட பாருங்கன்னு! நான் சொன்னார், ஐயா, இந்தத் தராசு பிள்ளைக்கு மட்டும், நீங்க உக்காந்தா தராசு செத்துப் போவாங்க!”

சுமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொலிஸ்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். நானும் ஒரு கணம், ஒரு கணந்தான், சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போது நிலந்தி என்னைப் பார்த்துவிட்டார்.

“வணக்கம், சேர்,” என்றார். மற்றவர்களும் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள்.

“ஏன் நிப்பாட்டிட்டீங்க? பேசுங்க, பேசுங்க,” என்றான் சுமன். “அண்ணனும் நம்ம ஆளுதான்.”

ஒருவர் நேரத்தைப் பார்த்தார். ஒருவருக்கு பஸ் நினைவு வந்தது. ஐந்து நிமிடத்தில் அறையில் நாங்கள் இருவரும் காலி ஸ்டூல்களும் மட்டுமே இருந்தோம். சுமன் ஒன்றை என் பக்கம் நகர்த்தினான்.

“காசுக்கு இல்லண்ணே. சும்மா வர்றாங்க. ஒங்களுக்குப் பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லிர்றேன்.”

“சுமன், அந்த அறிக்கை...”

“தெரியும். கடிதம் குடுத்த அன்னிக்கே மெடம் காட்டுனாங்க, ஏன் என்னய நிப்பாட்டுனாங்கன்னு எனக்குத் தெரியணும்ல.” அவன் ஒரு ஃபோனின் பின்மூடியைக் கழற்றத் தொடங்கினான். “நல்லாப் பாத்தேன்ண்ணே. நீங்க எழுதுனதுல ஒரு பிழையும் இல்ல.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். வெளியே ஒரு முச்சக்கர வண்டி நெடுநேரம் முடுக்கப்பட்டுக் கடைசியில் கிளம்பிப் போனது. நாங்கள் இருவரும் பேசவில்லை. நான் விரும்பிப் படிக்கிற மாதிரியான மௌனம் அல்ல அது. அதில் உட்கார இடமே இல்லை.

“நிலந்தி மிஸ் அந்த லயத்து அம்மாவப் பத்தி எழுதினாங்களே,” என்றேன் கடைசியில். “எப்பிடி எழுத வச்ச?”

“நான் ஒண்ணும் வைக்கலண்ணே. ஒரு நாளு பேச்சுவாக்குல பாதி சொன்னாங்க. அந்த அம்மா இப்ப எப்பிடி இருக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான்.” திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தான். “இப்ப நல்லா இருக்காம். போன வருசம் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. மிஸ்ஸுதான் பாத்தாங்களாம்.”

அந்தத் தாள் மூன்று மாதத்துக்கு மேலாக என் வீட்டில் இருந்தது. நாற்பத்து மூன்று பிழைகளும் வகைப்படுத்தப்பட்டிருந்தன. இது எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஷிராணி, “காய்ச்சலா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். விடுபட்ட நிரல்களைப் பற்றி மெடமிடம் சொல்லாமல் விட்டால் வகுப்பு என்னுடையதாகவே இருக்கும். அவர்கள் என் முன்னால் ஐந்து ஐந்து வாக்கியமாக எழுதிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு அவனிடம் போய் மனிதர்களாவார்கள். சொன்னால் அதுவும் இல்லை. எதைச் செய்தாலும் அந்தச் சிரிப்பு எனக்கில்லை என்று தெரிந்தபோதுதான் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நல்ல எண்ணம் ஒன்றும் என்னைத் தள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மெடமின் அறைக்குப் போனேன். புதிய தாளை மேசையில் வைத்தேன். இம்முறை எல்லா நிரல்களும் இருந்தன. விடுபட்ட இரண்டும் என்ன என்று என் சிங்களத்தில் விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

“இதன்படி பார்த்தால் மற்றவருடைய வகுப்புத்தானே நல்ல வகுப்பு?”

“ஆமாம், மெடம்.”

“இந்த இரண்டு நிரலும் நவம்பரில் உங்களிடம் இல்லையா?”

“இருந்தன.”

“பிறகு ஏன் போடவில்லை?”

பதில் என்னிடம் இருந்தது. மேசை மீதிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னேன். சிங்களத்தில் ஒரு சொல்தான். இரிசியாவ. பொறாமை.

மெடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்கும் என் அக்கா மேல் அது உண்டு,” என்றார். “ஆனால் நான் அதற்கு அட்டவணை போட்டதில்லை.”

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அனுமதி ஒருவருக்குத்தான். அது மாறாது. உங்களுக்கு விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

“மே மாதம் பரீட்சை. அதற்கு இன்னும் பதினைந்து சனிக்கிழமை இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரட்டும்.” தாளை என் பெயர் போட்ட கோப்புக்குள் வைத்து மூடினார். “நீங்களே அவரிடம் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அது முறையாக இருக்கும்.”

மருந்துக் கடைக்கு முன்னால் நின்று சுமனை அழைத்தேன். மழை தூறியது. கொட்டகலை பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. மறுமுனையில் அவன் எடுத்ததும் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

“சுமன், வகுப்பு ஒனக்குத்தான். வர்ற சனிக்கிழமையிலருந்து. மெடம் சொல்லச் சொன்னாங்க.”

“என்னண்ணே சொல்றீங்க? அப்ப நீங்க?”

“நான் இல்ல.”

“நீங்க போய்ச் சொன்னீங்களா?”

“ஆமா.”

அவன் ஃபோனை வாயிலிருந்து விலக்கி அவர்களிடம் சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். வகுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது என்பது மட்டுந்தான் எனக்குக் கேட்டது. உடனே ஒரு கூச்சல் எழுந்தது. ஸ்டூல் ஒன்று சரிந்தது. யாரோ விசிலடித்தார்கள். நிலந்தியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, தமிழில், பிழையோடு, எதையோ கத்தியது.

“அண்ணே, லைன்ல இருங்க, மிஸ் கைய புடிச்சு இழுக்கிறாங்க, ஒரு நிமிசம்...”

இருந்தேன். கொண்டக்டர் கொட்டகலை, கொட்டகலை என்று கூவி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மணியடித்தான். பஸ் போய்விட்டது. ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தக் கூச்சலில் ஒருவராவது என் பெயரைச் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.